காரணம்: தொழிலாளர் தவறு

மூன்று நாள் விடாமல் பெய்த மழை நான்காம் நாள் விடியலில் ஓய்ந்தபோது, தேயிலைத் தோட்டத்தின் மேல்கணக்குப் பிரிவில், வேலைக்குப் போகும் தாய்மாரின் குழந்தைகளுக்காகக் கட்டிக்கொண்டிருந்த புதுப் பிள்ளைக் காம்பராவின் பின்பக்கச் சுவர் வயிறு தள்ளி நின்றது. மலையை வெட்டிய இடத்தில் மண் சரியாமல் தாங்குவதற்காக எழுப்பிய அணைச்சுவர் அது. நேர்க்கோடாக இருக்க வேண்டிய கட்டு நடுவில் ஒரு சாண் முன்னால் வந்திருந்தது. கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் சேற்றுநீர் கசிந்து, புதிதாகப் போட்ட சீமெந்துத் தரையில் மஞ்சளாக ஓடிக்கொண்டிருந்தது.

கொட்டகலையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து இறங்கி, தேயிலைக்கு நடுவே ஒரு மைல் ஏறி வந்த தனுஷிகா, குடையை மடக்கக்கூடத் தோன்றாமல் அப்படியே நின்றாள். கட்டடத்தைக் கொந்தராத்து எடுத்த கம்பனியின் தர மேற்பார்வை அதிகாரி அவள். வேலை சரியாக நடக்கிறதா என்று அளந்து பார்ப்பதும், சரியில்லாததை உடைத்துக் கட்டினால் அதற்குப் படிவம் எழுதுவதும் அவள் பொறுப்பு. உடப்புசல்லாவைப் பக்கத்துத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, மூன்று வருடம் டிப்ளோமா படித்து, இருபத்தேழு வயதில் கிடைத்த முதல் நிரந்தர வேலை. சேர்ந்து ஐந்து மாதம் ஆகிறது.

சுவருக்கு முன்னால் அழகுமுத்து குந்தியிருந்தார். முப்பத்தெட்டு வயது. இதே தோட்டத்துக்காரர். பதினான்கு வருடம் கொழும்பில் மாடிக் கட்டடங்களில் மேசன் வேலை பார்த்துவிட்டு, சொந்தத் தோட்டத்தில் ஒரு கட்டடம் எழும்புகிறது என்றதும் திரும்பி வந்தவர். அவருக்குக் கீழே ஆறு பேர் வேலை செய்தார்கள்; மேசன்மாரை இங்கே பாஸ் என்பார்கள். அவளைக் கண்டதும் அவர் எழுந்திருக்கவில்லை.

"வந்து பாருங்க மிஸ். நல்லாப் பாருங்க. நான் சொன்னேனா இல்லையா?"

சொல்லியிருந்தார். போன வெள்ளிக்கிழமை, சுவர் தலைமட்டத்துக்கு வந்தபோதே சொல்லியிருந்தார். சுவருக்குப் பின்னால் சல்லிக்கல் போட வேண்டும், தண்ணீர் வடிய அடியில் பைப் வைக்க வேண்டும், அது இரண்டும் வராமல் வெறும் மண்ணைத் தள்ளி மூடினால் மழைக்கு மண் ஊறிச் சுவரைத் தள்ளிவிடும் என்று. பைப்புக்காக அடி வரிசையில் ஒன்பது இடத்தில் இடைவெளிகூட விட்டிருந்தார். சல்லிக்கல்லும் பைப்பும் ஏற்றி வந்த லொறி தோட்டத்து ரோட்டில் ஏற முடியாமல் திரும்பிப் போய்விட்டது. தனுஷிகா கொந்தராத்துக்காரர் யோகேஸ்வரனுக்குப் போன் எடுத்தாள். அட்டன் டவுனிலிருந்து அவர் ஒரே மூச்சில் பதில் சொன்னார்: "திறப்பு விழாவை ரெண்டு கிழமை முன்னுக்குக் கொண்டு வந்துட்டாங்க. பெரிய இடத்து ஆளு வர்றாரு. நீ மண்ணைப் போட்டு மூடச் சொல்லு. சல்லிக்கல்ல அப்புறமாப் பாத்துக்கலாம்."

மூடிய மண்ணுக்குள் சல்லிக்கல்லை அப்புறம் எப்படிப் போடுவது என்று அவள் கேட்கவில்லை. போனை வைத்துவிட்டு அழகுமுத்துவிடம் வந்து, "மூடிரச் சொல்றாங்கண்ணே" என்றாள். அவர் ஆட்களைக் கூப்பிட்டு இடைவெளிகளைக் கல் வைத்து அடைக்கச் சொன்னார்.

"சொன்னீங்க" என்றாள் இப்போது.

"அவ்வளவுதானா?"

அவள் மறுபக்கம் போய் யோகேஸ்வரனை அழைத்தாள். அவர் தகவலைக் கேட்டுக்கொண்டார். குரல் சாதாரணமாகவே இருந்தது. அந்தச் சாதாரணம்தான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"சரி, உடைச்சுக் கட்டத்தான் வேணும். இன்னைக்கு ரெண்டு மணிக்கு நுவரெலியாவிலருந்து இன்ஜினியர் வர்றாரு. நானும் வர்றேன். அதுக்குள்ள படிவத்தை எழுதி வை. காரணத்துல, பாஸ் பைப் வைக்காம கட்டிட்டாருன்னு போடு."

"அவரு பைப்புக்கு இடம் விட்டிருந்தாருங்க சேர். நாமதான் மூடச் சொன்னோம்."

"நாம சொன்னதுக்கு எழுத்து இருக்கா? இல்லையே. இந்தா பாரு தங்கச்சி, கம்பனி மேல தப்புன்னு போனா அடுத்த எட்டுத் தோட்டத்து வேலையும் கையை விட்டுப் போயிரும். உன் வேலையும்தான். அந்த ஆளு மேல இது மூணாவது. மூணாச்சுன்னா ஆளை நிப்பாட்டிட்டோம்னு சொல்லிரலாம். இன்ஜினியரும் அடங்கிருவாரு. வேற மேசனா கிடைக்காது?"

போன் நின்றது. மூணாவது. தகரக் கொட்டகையில் இருந்த மேசைக்குப் போய் அவள் படிவக் கோப்பை எடுத்தாள். முதல் இரண்டு படிவங்களும் அவள் கையெழுத்தில், ஆங்கிலத்தில் இருந்தன. மறுவேலை என்ன, எந்தத் திகதி, எவ்வளவு உடைக்கப்பட்டது, காரணம் என்ன. காரணம் என்ற கட்டத்தில் இரண்டிலும் ஒரே சொற்கள்தான்: தொழிலாளர் தவறு. கீழே அழகுமுத்துவின் கையெழுத்து, தமிழில், அழகாக, சுழி சுழியாக.

முதலாவது ஜனவரியில். அத்திவாரம். பதினொரு தோட்டங்களுக்கும் ஒரே வரைபடம்தான் வந்திருந்தது. அந்த வரைபடத்தில் நிலம் மேசைபோல மட்டமாக இருந்தது. இங்கே நிலம் கூரைபோலச் சரிந்து கிடந்தது. இரண்டரை அடி ஆழம் என்று வரைபடம் சொன்னது. தெற்கு மூலையில் கடப்பாரை தன் பாரத்திலேயே உள்ளே இறங்கியது. "இது பழைய ஓடை மிஸ், ரோட்டு வெட்டின மண்ணைக் கொட்டி மூடினது. எங்கப்பா காலத்துல இங்க தண்ணி ஓடிச்சு" என்றார் அழகுமுத்து. தனுஷிகா அளவு நாடாவைப் பிடித்துப் பார்த்தாள். இரண்டரை அடி சரியாக இருந்தது. கட்டுங்கள் என்றாள். முழங்கால் உயரம் கல் எழும்பிய பிறகு இன்ஜினியர் முதல்முறையாக வந்து பார்த்தார். நிரப்பு மண்ணின்மேல் கட்டியிருக்கிறது, முழுவதும் எடுங்கள் என்றார். எடுத்தார்கள். போதிய ஆழம் தோண்டவில்லை என்று எழுதும்படி யோகேஸ்வரன் சொன்னார். அவள் வேலைக்குச் சேர்ந்து அப்போது இரண்டு கிழமை. எழுதினாள்.

இரண்டாவது மார்ச்சில். பிள்ளைகளுக்கான கழிவறை. சின்னப் பிள்ளைகள் உட்காருகிற அளவில் தாழ்வாக வைக்க வேண்டும் என்று வரைபடத்தை மாற்றி நுவரெலியாவிலிருந்து அனுப்பியிருந்தார்கள். அது கம்பனியின் அட்டன் கந்தோரில் ஒரு மேசைமேல், வேறு காகிதங்களுக்கு அடியில் ஒன்பது நாள் கிடந்தது. இங்கே பழைய வரைபடப்படி பைப்பும் போட்டு, டைல்ஸும் பதித்து முடித்துவிட்டார்கள். உடைக்கச் சொன்னபோது அழகுமுத்து சம்மட்டியை எடுக்கவில்லை. உளியை வைத்து ஒவ்வொரு டைல்ஸாகப் பெயர்க்கப் பார்த்தார். நாற்பதில் ஆறுதான் முழுதாக வந்தது. அந்த ஆறையும் சாக்கில் சுற்றி ஓரமாக வைத்தார். வரைபடத்தைப் பின்பற்றவில்லை என்று தனுஷிகா எழுதினாள்.

இரண்டு தடவையும் அவரிடம் காகிதத்தை நீட்டி, "உடைச்சுக் கட்டுறதுக்கான பேப்பர்ணே, ஒரு கையெழுத்துப் போடுங்க" என்றுதான் சொன்னாள். பொய் இல்லை. உண்மையும் இல்லை. அவர் சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு, வாசிக்கத் தெரியாத மொழிக்குக் கீழே தன் பெயரைப் போட்டார்.

மூன்று முறை ஒருவர் பேரில் தவறு பதிவானால் அவர் பெயர் பட்டியலில் ஏறும். மாவட்டத்தில் இந்தப் பிள்ளைக் காம்பராத் திட்டத்தின் எந்தக் கட்டடத்திலும் அவருக்கு வேலை இல்லை. இது அவளுக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது.

வெளியே யாரோ கத்தும் சத்தம் கேட்டது. பேனையை வைத்துவிட்டு வந்தாள்.

பிள்ளைக் காம்பரா ஆயா வேலாயி, கோயில் மண்டபத்திலிருந்து இறங்கி வந்திருந்தாள். போன வருட மழையில் பழைய காம்பராவுக்குப் பின்னால் மலை வெடித்ததிலிருந்து, கொழுந்து எடுக்கப் போகும் தாய்மார் தங்கள் பிள்ளைகளை அந்த மண்டபத்தில்தான் விட்டுப் போகிறார்கள். இருபத்து மூன்று பிள்ளைகள், ஈரமான தரை, ஒரே ஒரு கழிவறை. அதுவும் வெளியே.

"ஒனக்குக் கட்டத் தெரியுமா தெரியாதா, அதைச் சொல்லு மொதல்ல!" வேலாயி அழகுமுத்துவின் முகத்துக்கு நேரே கையை நீட்டினாள். "மூணு தடவ! மூணு தடவ கட்டி மூணு தடவையும் ஒடச்சிட்ட. கொழும்புல வேல செஞ்சேன், கொழும்புல வேல செஞ்சேன்னு என்னா பேச்சு! அங்கயும் இதத்தான் செஞ்சியா? நேத்து ராத்திரிக் காச்சலோட ரெண்டு புள்ளைய டிக்கோயா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனாங்க தெரியுமா? சீமெந்துல படுத்துப் படுத்து நெஞ்சுச் சளி. ஒன் வீட்டுப் புள்ளையா இருந்தா இப்பிடிச் செய்வியா?"

ஆறாம் நம்பர் மலைக்குப் போய்க்கொண்டிருந்த பெண்கள் ஏழெட்டுப் பேர், கூடையும் இடுப்பில் சுற்றிய படங்குச் சாக்குமாக, ரோட்டோரம் நின்றுவிட்டார்கள். யாரும் வேலாயியைத் தடுக்கவில்லை. ஒருத்தி, "துட்டுக்குச் சீமெந்த வித்திருப்பான்" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னது எல்லோருக்கும் கேட்டது.

அழகுமுத்து கையிலிருந்த மேசன் கரண்டியைத் தரையில் வைத்தார். திரும்பித் தனுஷிகாவைப் பார்த்தார்.

"மிஸ், நீங்க சொல்லுங்க. நான் சொன்னா யாரு நம்புறா? நீங்க படிச்சவங்க, நம்ம ஆளு. நான் சல்லிக்கல்லு கேட்டேனா இல்லையா, இவுங்ககிட்டச் சொல்லுங்க."

எல்லா முகமும் அவள் பக்கம் திரும்பியது. தன் அம்மாவும் இப்படித்தான், இதே மாதிரி படங்கைக் கட்டிக்கொண்டு, இதே மாதிரி ஒரு ரோட்டோரம் நின்றிருப்பாள் என்று அவளுக்குத் தோன்றியது. அவளுக்குக் கோபம் வந்தது. யோகேஸ்வரன்மேல், நேரத்துக்கு எட்டிப் பார்க்காத இன்ஜினியர்மேல், மேசையில் ஒன்பது நாள் கிடந்த காகிதத்தின்மேல், எல்லாவற்றுக்கும் மேலாகத் தன்மேல்.

"கேட்டாரு" என்றாள். சத்தம் அவள் நினைத்ததைவிடப் பெரிதாக வந்தது. "வெள்ளிக்கிழமையே கேட்டாரு. கல்லு வரல. மூடச் சொன்னது கம்பனி. அதை இவர்கிட்ட வந்து சொன்னது நான். மொத தடவ ஒடச்சதுக்கும் இவரு காரணமில்ல. ரெண்டாவதுக்கும் இல்ல."

வேலாயியின் நீட்டிய கை மெல்லக் கீழே இறங்கியது.

"அப்புறம் ஏன் எல்லாரும் இவன..."

"ஏன்னா நான் அப்பிடித்தான் எழுதியிருக்கேன்."

அழகுமுத்து புரியாமல் பார்த்தார். அவள் கொட்டகைக்குள் போய்க் கோப்பைக் கொண்டுவந்து, அந்த இரண்டு தாள்களையும் அவர் முன்னால் விரித்து, ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னாள். போதிய ஆழம் தோண்டாத தொழிலாளர் தவறு. வரைபடத்தைப் பின்பற்றாத தொழிலாளர் தவறு. பொறுப்பான மேசன், அழகுமுத்து. மூன்றாவது எழுதினால் என்ன ஆகும் என்பதையும் சொன்னாள்.

அவர் தன் கையெழுத்தைப் பார்த்தார். பிறகு சிரிப்பதுபோல மூக்கால் ஒரு சத்தம் வந்தது.

"பேப்பர் நீட்டினீங்க. போட்டேன். நம்ம புள்ள, நம்மள மாட்டிவிடுமான்னு நெனச்சுப் போட்டேன்." குரல் உயர்ந்தது. "அந்தக் கொந்தராத்துக்காரன் எழுதியிருந்தா எனக்குக் கோவமே வராது மிஸ். அவன் அப்பிடித்தான். நீங்க எழுதியிருக்கீங்க! காலையில பஸ்ஸவிட்டு எறங்கி வந்து, எங்க தேத்தண்ணியக் குடிச்சிட்டு, அண்ணே அண்ணேன்னு கூப்புட்டுட்டு! அந்த டைல்ஸ ஒடச்சப்போ கூடத்தானே நின்னீங்க? அன்னைக்குச் சொல்ல வாய் இல்லையா?"

"இல்ல" என்றாள். "பயம்."

"எனக்குப் பயமில்லையா? எனக்கு வேல போனா வூட்டுல நாலு வயிறு."

அவர் கோபம் நியாயம் என்பதால் அவள் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் அவர் வேறு வழியில்லாமல் பரவாயில்லை என்று சொல்ல வேண்டிவரும். கோப்பை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குள் போய், புதுப் படிவம் ஒன்றை எடுத்து எழுதத் தொடங்கினாள்.

இரண்டு மணிக்கு ஜீப் வந்தது. இன்ஜினியர் பேரின்பநாயகம் இறங்கினார். யாழ்ப்பாணத்துக்காரர், ஐம்பத்தைந்து வயதிருக்கும், ஓய்வுபெற இன்னும் சில வருடம். நுவரெலியா கந்தோரிலிருந்து வரைபடம் அனுப்பி, பதினொரு தோட்டத்து வேலையையும் பார்க்கிறவர். இந்த ஐந்து மாதத்தில் இங்கே வந்தது மூன்றாவது முறை. பின்னாலேயே யோகேஸ்வரன் தன் வேனில் வந்து சேர்ந்தார். வெள்ளைச் சட்டை, கையில் இரண்டு போன்.

இன்ஜினியர் சுவரின் தள்ளலைக் குடைக்காம்பால் தட்டிப் பார்த்தார்.

"இதுக்குப் பின்னாலை என்ன போட்டனீங்கள்? களிமண்ணோ?"

"அதான் சேர், நம்ம பாஸ்மாரு பாத்த வேலை" என்று யோகேஸ்வரன் முந்திக்கொண்டார். "எவ்வளவு சொன்னாலும் கேக்கிறதில்ல. ஆளை மாத்திடுறோம். தனுஷிகா, படிவத்தைக் குடு."

அவள் கொடுத்தாள். இன்ஜினியர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். புருவம் ஏறியது.

"என்ன பிள்ளை, தமிழிலை எழுதியிருக்கிறீர்?"

"கையெழுத்துப் போடுறவங்க வாசிக்கணும் சேர்."

"அது சரி. ஆனா..."

"நானே வாசிக்கிறேன் சேர். எல்லாரும் கேக்கட்டும்." அவர் கையிலிருந்து தாளை அவள் வாங்கிக்கொண்டாள். ரோட்டோரத்தில் மதியக் கொழுந்தை எடை போட்டுவிட்டு வந்த பெண்கள் மறுபடியும் கூடியிருந்தார்கள். வேலாயி முன்னால் நின்றாள். அழகுமுத்துவும் அவர் ஆட்களும் சுவரோரம்.

அவள் வாசித்தாள். சல்லிக்கல்லும் பைப்பும் வராமலே மண் போட்டு மூடச் சொல்லிக் கொந்தராத்துக்காரர் தொலைபேசியில் உத்தரவு கொடுத்தார், அந்த உத்தரவை மேசனிடம் சேர்ப்பித்தது நான், மேசன் ஆட்சேபம் சொன்னார், திறப்பு விழாத் திகதியை முன்னுக்குக் கொண்டுவந்ததால் அவசரப்படுத்தினார்கள். அதோடு நிற்கவில்லை. ஜனவரியிலும் மார்ச்சிலும் எழுதிய இரண்டு படிவங்களிலும் காரணம் பொய்யாக எழுதப்பட்டது, எழுதியதும் நான்தான் என்று வாசித்தாள். கடைசி வரிக்கு வந்தபோது இன்ஜினியரை நிமிர்ந்து பார்த்துக்கொண்டே சொன்னாள்: "இந்தக் கட்டடத்தின் வரைபடம் இந்த நிலத்தைப் பார்க்காமல் வரையப்பட்டது. மலையிலிருந்து இறங்கும் தண்ணீருக்கு அதில் வடிகான் இல்லை. பழைய ஓடை அதில் இல்லை. எல்லாத் தவறும் அங்கேயிருந்துதான் தொடங்கியது."

யோகேஸ்வரனின் போன்களில் ஒன்று அடித்தது. அவர் அதைப் பார்க்காமலே அணைத்தார்.

"பைத்தியமா உனக்கு?" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. "நான் எப்போ சொன்னேன்? எங்க எழுத்து இருக்கு?"

"எழுத்து இல்ல. போன்ல பேசின நேரம் என் போன்ல இருக்கு. வெள்ளிக்கிழமை பத்தே முக்கால். அடுத்த அரை மணித்தியாலத்துல மண் தள்ள ஆரம்பிச்சது ஏழு பேருக்குத் தெரியும். அவங்க பேரையும் எழுதியிருக்கேன்."

"நானும் ஒருத்தன் சேர்" என்று சுவரோரத்திலிருந்து ஒருவன் சொன்னான். "நானும்" என்றான் இன்னொருவன்.

பேரின்பநாயகம் தாளைத் திரும்ப வாங்கினார். மேசைக்குப் போய் உட்கார்ந்து முழுவதையும் இன்னொரு தரம் வாசித்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து பேனையை எடுத்து, கடைசி வரியின் மேல் நிதானமாக ஒரு கோடு இழுத்தார்.

"மற்றது எல்லாம் இருக்கட்டும். இது உங்கடை படிவத்துக்குள்ளை வராத விசயம், பிள்ளை."

"அப்போ எந்தப் படிவத்துக்குள்ள வரும் சேர்?"

அவர் கையெழுத்திட்டு, தாளை அழகுமுத்துவின் பக்கம் நகர்த்தினார். "வாசிச்சுப்போட்டு கையெழுத்து வையும்."

அழகுமுத்து வாசித்தார். ஒவ்வொரு சொல்லிலும் விரலை வைத்து, அவசரப்படாமல் வாசித்தார். யோகேஸ்வரன் இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்தார். வெட்டிய வரியையும் கோட்டுக்கு அடியில் கண்ணைச் சுருக்கி வாசித்து முடித்த பிறகுதான் பேனையை எடுத்தார்.

"இந்த வெட்டின வரிக்கும் சேத்துத்தான் நான் கையெழுத்துப் போடுறேன் சேர். ஜனவரியில அத்திவாரம் வெட்டுறதுக்கு முன்னயே நீங்க ஒரு தடவ வந்து கால வச்சுப் பாத்திருந்தா, இந்தப் புள்ளைங்க இன்னைக்கு உள்ளுக்க இருந்திருக்கும்."

இன்ஜினியர் குடையை எடுத்துக்கொண்டு ஜீப்புக்குப் போனார். யோகேஸ்வரன் தனுஷிகாவின் அருகில் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காதபடி, "நாளைக்கு இந்தப் பக்கம் வராத" என்றார்.

"நாளைக்கு எதுக்கு? இப்பவே போறேன்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். "சுவர உடைக்கிறத மட்டும் பாத்துட்டுப் போறேன்."

அன்று பின்னேரம் உடைத்தார்கள். மேலிருந்து வரிசை வரிசையாகக் கல்லை இறக்கி, பின்னாலிருந்த ஊறிய மண்ணை வாரிக் கொட்டினார்கள். அழகுமுத்து சம்மட்டியை வேறு யாரிடமும் கொடுக்கவில்லை. ஒவ்வொரு அடிக்கும் பல்லைக் கடித்தார். அவர் கட்டிய கட்டு நல்ல கட்டு, சுலபத்தில் விடவில்லை. நடுக்கட்டு பெயர்ந்தபோது, அடைபட்டிருந்த தண்ணீர் மண்ணோடு குபீரென்று வந்து எல்லோர் கால்களையும் முழங்கால்வரை மூடியது. வேலாயி மண்டபத்திலிருந்து ஒரு கேத்தலில் தேத்தண்ணி கொண்டுவந்தாள். காலையில் சொன்னதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. முதல் கோப்பையை ஊற்றி அழகுமுத்துவிடம் நீட்டினாள். அவர் கொஞ்ச நேரம் அதை வாங்காமலே நின்று, பிறகு வாங்கினார். தனுஷிகா கிளம்பியபோது அவர் போய்வாங்க என்று சொல்லவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை.

அவள் வேலை போய்விட்டது. அந்த முதல் இரண்டு படிவங்கள் மட்டும் போகவில்லை. மூன்றாவதில் அவள் எழுதியது இருந்தாலும், பட்டியலைப் பார்க்கிறவர் பழைய படிவங்களைத்தான் எண்ணுவார் என்று யாரோ சொன்னார்கள். அடுத்த திங்கட்கிழமை நுவரெலியா பஸ் ஏறினாள். கந்தோரில் கிளார்க் சிங்களத்தில், முடித்த கோப்பைத் திருத்த முடியாது என்றார். பொய் எழுதியவளே வந்து பொய் என்று சொல்லும்போது ஏன் முடியாது என்று அவளும் சிங்களத்திலேயே கேட்டாள். ஐயா வெளியே போயிருக்கிறார், அடுத்த கிழமை வாருங்கள் என்றார். அடுத்த கிழமையும் போனாள். அதே பதில். மூன்றாவது கிழமை, ஐயா வரும்வரை போகமாட்டேன் என்று வாசலில் இருந்த மர வாங்கில் உட்கார்ந்துவிட்டாள். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இருந்தது. வேலை தேடி அலைய வேண்டிய நாட்கள், பஸ்ஸிலும் வாங்கிலும் போகின்றன என்று நினைக்க நினைக்க ஆத்திரம்தான் வந்தது. ஒரு சொல்லை எழுத அரை நிமிடம் போதுமாக இருந்தது. அதை அழிக்க மூன்று கிழமை.

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு பேரின்பநாயகம் வந்தார். அவளைக் கண்டு நின்றார்.

"உள்ளை வாரும்."

அலுமாரியிலிருந்து கோப்பை அவரே எடுத்தார். முதல் இரண்டு படிவங்களுக்கும் மேல் ஒரு தாளை வைத்து, இவற்றில் எழுதப்பட்ட காரணம் பிழையானது, மேசன் பேரில் பதிவு செய்யக்கூடாது என்று எழுதித் திகதியிட்டார். அவள் அதை வாசித்தாள். எழுந்திருக்கவில்லை.

"இன்னும் என்ன?"

"நீங்க வெட்டின வரி சேர்."

அவர் கதிரையில் சாய்ந்தார். ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். பதினொரு தோட்டம், ஒரு ஜீப், எண்ணெய்க்குத் தட்டுப்பாடு, ஒரு வரைபடத்தையே எல்லா இடத்துக்கும் அனுப்பு எண்டு மேலையிருந்து உத்தரவு, நான் என்ன செய்யிறது என்றெல்லாம் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் சொன்னது எல்லாம் உண்மையாகவே இருக்கலாம்.

"அதையும் எழுதுங்க சேர். அதுவும் காரணம்தானே. எழுதாததாலதான் கடைசியில கரண்டி பிடிச்சவன் தலையில வந்து விழுது."

அவர் பேனையை எடுத்தார். பிறகு அதே தாளின் கீழே, நிலத்தை நேரில் பாராமல் வரைபடம் வழங்கப்பட்டது என்று ஒரு வரி சேர்த்து, தன் பெயரை முழுதாக எழுதினார். அவள் நன்றி சொல்லவில்லை. பிரதி ஒன்று வாங்கிக்கொண்டு வந்தாள்.

பிள்ளைக் காம்பரா ஆவணியில்தான் முடிந்தது. விழாவுக்கு வர இருந்த பெரிய மனிதர் வேறு எங்கோ போய்விட்டார். ஒரு திங்கட்கிழமை காலை, ரிப்பனும் மாலையும் இல்லாமல், வேலாயி கதவைத் திறந்து பிள்ளைகளை உள்ளே கொண்டுபோனாள். இதைத் தனுஷிகாவுக்குப் போனில் சொன்னது அழகுமுத்து. பிரதியை அவருக்கு அனுப்பி இரண்டு மாதம் கழித்து, அவராக எடுத்த முதல் போன் அது. அவள் அப்போது நுவரெலியாவில் ஒரு ஹோட்டல் கட்டட வேலையில் சேர்ந்திருந்தாள்.

"பைப்புல தண்ணி நல்லா ஊத்துது" என்றார். "இப்ப நான் பத்தனைப் பக்கம் வேற ஒரு கொந்தராத்துக்காரன்கிட்ட. இங்கயும் போன கிழமை ஒரு தூணை ஒடச்சோம். பேப்பர் கொண்டுவந்தாங்க. வாசிச்சுக் காட்டுங்கன்னேன். வாசிக்காம நான் போடுறதில்லன்னு சொன்னேன். அந்தத் தம்பிக்கு மூஞ்சி செத்துப்போச்சு."

"என்ன எழுதியிருந்தது?"

"வேறென்ன? எங்க மேலதான். கிழிச்சுப் போட்டுட்டு வேற எழுதிட்டு வாங்கன்னு அனுப்பிட்டேன்."

அவள் சிரிக்கப் போனாள், வரவில்லை.

"மிஸ், ஒண்ணு சொல்றேன், தப்பா நினைக்காதீங்க. நீங்க அன்னைக்கு எல்லாருக்கும் முன்னால வாசிச்சது பெரிய விசயம். ஆனா மொத ரெண்டு தடவ எழுதினத நான் மறக்கல. மறக்கவும் வராது."

"மறக்க வேணாம்ணே" என்றாள். "நானும் மறக்கல."

போனை வைத்தபோது, கீழ்த்தளத்தில் யாரோ ஒரு மேசனைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தது கேட்டது. என்ன, எதற்கு என்று தெரியாது. தலைக்கவசத்தை எடுத்து மாட்டிக்கொண்டு படிகளில் வேகமாக இறங்கினாள்.